இல்லாத இடத்தை ஒதுக்குகிறவர்

என் அக்காவின் கணவர் என்ன வேலை செய்கிறார் என்று கேட்டால் எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் ஒழுங்காகப் பதில் சொல்லத் தெரியாது. கம்ப்யூட்டரில் என்போம். கம்ப்யூட்டரில் என்ன என்று மேலும் குடைந்தால், உள்ளே என்போம். அவரையே கேட்பது இன்னும் ஆபத்து. ஒரு பல் டாக்டர், வாயில் பஞ்சை அடைத்த கையோடு பேச்சுத் துணைக்கு அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டார். பல்லைப் பிடுங்கி முடித்த பிறகும் அத்தான் நாற்காலியை விட்டு இறங்கவில்லை. வீங்கிய வாயோடு முழுக்க விளக்கிவிட்டுத்தான் இறங்கினார். வெளியே காத்திருந்தவர்களில் இரண்டு பேர் பல்வலியோடு வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள்.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். என் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும் வண்டியில் நாள் முழுக்க உட்கார்ந்து கத்துவது என் தொழில். மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று பெயர் வாங்கியவன். இருந்தாலும் அத்தானோடு ஒரே வீட்டில் இருந்து, தினமும் சாப்பாட்டு நேரத்தில் கேட்டுக் கேட்டு, அவர் வேலை எனக்கே ஓரளவு பிடிபட்டுவிட்டது. சுருக்கமாகச் சொன்னால், பொய் சொல்வது அவர் வேலை. அதற்கு மாதச் சம்பளமும் மருத்துவக் காப்பீடும் உண்டு.

பெரிய கட்டடங்களில் கதவு, லிஃப்ட், காமிரா எல்லாவற்றையும் நடத்தும் பெட்டிகளை அவர் கம்பெனி செய்கிறது. பெட்டிக்குள் ஒரு சின்னக் கம்ப்யூட்டர். அதில் ஒரே சமயத்தில் பல புரோகிராம்கள் ஓடும். கதவுக்கு ஒன்று, லிஃப்டுக்கு ஒன்று என்று ஆளாளுக்கு நினைவகம் வேண்டும். இருப்பதோ கைக்கும் வாய்க்குமான அளவு. எல்லாப் புரோகிராம்களுக்கும் அடியில் உட்கார்ந்து இடத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் புரோகிராமுக்குக் கெர்னல் என்று பெயர். பங்கிட்டுக் கொடுப்பது என்றால் நியாயமாக உட்காரவைத்து, உனக்கு இவ்வளவு, அவனுக்கு இவ்வளவு என்று பேசித் தீர்ப்பது என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். கெர்னல் ஒவ்வொரு புரோகிராமையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, இந்த நினைவகம் முழுக்க உன்னுடையதுதான், இங்கே வேறு யாரும் இல்லை என்று சொல்லிவைக்குமாம். ஒவ்வொன்றும் அதை நம்பிக்கொண்டு, மொத்த வீடும் தனக்கு என்ற மிதப்பில் காலை நீட்டி வேலை செய்யும்.

இந்தப் பொய் சாயம் வெளுக்காமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் பேஜ் டேபிள். நினைவகத்தை ஒரே அளவு துண்டுகளாக வெட்டி, துண்டுக்குப் பக்கம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு புரோகிராம் தன் நினைப்பில் நூறாவது பக்கம் என்று கேட்பது, உண்மையில் எந்த மூலையில் கிடக்கிறது என்று பார்த்துச் சொல்ல ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஓர் அட்டவணை. அதை ஒரே நீளப் பட்டியலாகப் போட்டால், பட்டியலை வைக்கவே இடம் போதாது. அதனால் அடுக்கு அடுக்காகப் போடுவார்கள். முதல் அட்டவணை ஊர் மாதிரி. ஊரைப் பார்த்தால் அந்த ஊரின் தெருப் பட்டியல் எங்கே என்று தெரியும். தெருவிலிருந்து கட்டடம், கட்டடத்திலிருந்து கதவு. இதில் லாபம் என்னவென்றால், ஆளே இல்லாத ஊருக்குத் தெருப் பட்டியல் எழுதத் தேவையில்லை. முதல் அட்டவணையில் அந்த வரியை வெறுமனே விட்டுவிட்டால் போதும்.

ஆகவே யார் எவ்வளவு கேட்டாலும் தாராளமாக, இந்தா எடுத்துக்கொள் என்று சொல்லிவிடலாம். அங்கே ஒன்றும் இருக்காது. என்றைக்காவது அந்தப் புரோகிராம் உண்மையிலேயே போய்க் கதவைத் தட்டும்போது ஒரு தடங்கல் எழும். கெர்னல் ஓடிவந்து, எங்கிருந்தாவது ஒரு காலிப் பக்கத்தைப் பிடித்து, அட்டவணையில் எழுதிவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல் ஒதுங்கி நின்றுகொள்ளும். கேட்டவர்களில் பாதிப் பேர் தட்டவே மாட்டார்கள் என்பது அத்தானின் அனுபவம். கேட்கிற நேரத்தில் இல்லை என்று சொல்கிற கெர்னல் கையாலாகாத கெர்னல் என்பது அவர் கொள்கை. அதனால் இருப்பதைப் போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வாக்குக் கொடுத்துவைப்பார். எல்லோரும் ஒரே நாளில் வந்து தட்டினால் என்ன ஆகும் என்று ஒரு தடவை கேட்டேன். அப்போது கெர்னல் ஒரு புரோகிராமைப் பார்த்துத் தேர்ந்தெடுத்துக் கொன்றுவிடும் என்று, துண்டில் கையைத் துடைத்தபடி சொல்லிவிட்டுத் தூங்கப் போனார்.

இந்தக் கலை ஆபீஸோடு நின்றிருந்தால் எனக்கு என்ன வந்தது. அவர் அதை வீட்டுக்கும் கொண்டுவந்தார்.

வீடு மூன்றாம் மாடியில். ஒரு ஹால், அவர்கள் இருவரின் படுக்கையறை, சமையலறையைத் தாண்டி ஒரு பின்னறை. பின்னறையின் ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் லிஃப்ட் மோட்டார் எதிரே. அங்கே யாராவது மேலே போனால் இங்கே அலமாரிக் கதவு நடுங்கும். அரசர் அரண்மனை ஒன்றுமில்லை. ஆனால் அந்த அறையை அத்தான் கொடுக்காத ஆள் இல்லை. மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனபோது, உன் ரூம் எப்போதும் உன் ரூம்தான் என்று சொல்லி அனுப்பினார். மேல் வீட்டுக்காரர் வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது சாமான்களை அங்கே போட்டுக்கொள்ளலாம் என்றார். வேலையை விட்டுப் போன ஆபீஸ் நண்பருக்கு, எப்போது இந்தப் பக்கம் வந்தாலும் தங்க இடம் இருக்கிறது என்று வாக்கு. முழங்கால் விட்டுப்போனால் இங்கே வந்துவிடுங்கள் என்று எங்கள் அப்பாவுக்கும் சொல்லியிருந்தார். அப்பாவுக்கு முழங்கால் கடைசி வரை நன்றாக இருந்தது, இதயம்தான் கைவிட்டது. அந்த வாக்கு அப்படியாகக் காப்பாற்றப்பட்டது.

இதற்கிடையில் நான் குடியிருந்த கட்டடத்தை இடித்தார்கள். வேறு வீடு கிடைக்கும் வரை என்று ஒரு பெட்டியோடு வந்தேன். அத்தான் முகம் கோணாமல் பின்னறையைத் திறந்துவிட்டார். மற்றவர்கள் பேச்சோடு நின்றவர்கள். நான் ஒருத்தன்தான் உண்மையிலேயே கதவைத் தட்டியவன். வேறு வீடு இன்னும் கிடைத்தபாடில்லை. தேடினால்தானே.

எல்லோருக்கும் முன்னால் அந்த அறை யாருக்குச் சொல்லப்பட்டது என்பதுதான் விஷயம். அத்தானுக்கு ஓர் அக்கா. வெகுவாக மூத்தவர். தாய் இல்லாத வீட்டில் அத்தானுக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தூரத்து ஊரில் பெண்கள் விடுதி ஒன்றில் வார்டன். அதனால் எங்கள் வீட்டில் அவருக்குப் பெயரே வார்டன்தான், அவர் காதில் விழாத தூரத்தில். இந்த வீட்டை வாங்கியபோது ஒரே ஒரு தடவை வந்தார். அன்று அத்தான் பின்னறைக் கதவைத் திறந்து காட்டி, நீ ரிடையர் ஆனதும் உனக்கு இதுதான் என்றிருக்கிறார். வார்டன் விடுதியில் கட்டில் ஒதுக்கிப் பழகியவர். அவரைப் பொறுத்தவரை ஒதுக்கியது ஒதுக்கியதுதான். ஊருக்குப் போனதும் போனில் ஜன்னல் அளவு கேட்டு வாங்கித் திரைச்சீலைகூடத் தைத்துவைத்துவிட்டார். நான் அந்த அறையில் இருப்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லவேண்டியவர் அத்தான். அவர் சொல்லவில்லை.

போன் வந்த அன்று அத்தான் சாப்பிட்டுக்கொண்டே ஆபீஸ் விவகாரம் ஒன்றைச் சொல்லிக் கொதித்துக்கொண்டிருந்தார். ஒரு கட்டடத்தில் லிஃப்ட், ஆளே இல்லாமல் மாடிக்கு மாடி நின்று, கதவைத் திறந்து மூடிக்கொண்டிருந்ததாம். காவல்காரர் பயந்துபோய்ப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாராம். காரணம் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் இன்ஜினியர். லிஃப்டின் புரோகிராம் வைத்திருந்த ஒரு பக்கத்தைப் பிடுங்கிக் கதவின் புரோகிராமுக்குக் கொடுத்திருக்கிறாள். அட்டவணையில் ஒழுங்காகத்தான் மாற்றி எழுதியிருக்கிறாள். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஊர், தெரு, கட்டடம் என்று தேடி அலுத்துப்போகாமல் இருக்க, பெட்டிக்குள் வேலை செய்யும் பிராசஸர்கள் அண்மையில் தேடிய விலாசங்களைத் தங்களுக்குள் குறித்து வைத்திருக்குமாம். அந்தக் குறிப்பை அழிக்கச் சொல்ல மறந்துவிட்டாள்.

“டேபிள மாத்தினா மட்டும் போதுமா?” என்றார் அத்தான், விரலை ஆட்டி. “பழைய விலாசத்த ஞாபகத்துல வெச்சிருக்கிற ஒவ்வொருத்தர்கிட்டயும் போய், அத மறந்துடுங்கன்னு சொல்ல வேண்டாமா? அவங்க சரின்னு சொன்ன அப்புறந்தானே அடுத்தவனுக்குக் குடுக்கணும்? இல்லன்னா பழைய ஆள் பாட்டுக்கு உள்ள வந்து நிப்பானே.”

அப்போதுதான் போன் அடித்தது. கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார். வார்டன். பணி ஓய்வு ஆகிவிட்டதாம், வியாழக்கிழமை சாமான்களோடு வந்துவிடுகிறாராம். ரூம் அப்படியேதானே இருக்கிறது என்று கேட்டார். அப்படியேதான் இருக்கிறது, வந்துவிடு என்றார் அத்தான். குரலில் ஒரு நடுக்கம் வேண்டுமே, கிடையாது. போனை வைத்துவிட்டு அந்தப் பெண் இன்ஜினியர் எப்படி இவ்வளவு அசட்டையாக இருக்கலாம் என்று விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்தேன்.

அடுத்து வந்த நாட்களில் அத்தான் என்னிடம் ஒரு வார்த்தை பேசுவார் என்று எதிர்பார்த்தேன். நான் ஒன்றும் ஒட்டிக்கொண்டு தொங்குகிற ஆள் இல்லை. எங்கள் பயிற்சிப் பள்ளியின் மாடியில் ஓர் அறை சும்மாதான் கிடந்தது. கொஞ்சம் இடத்தைக் காலி பண்ணு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், போயிருப்பேன். ஆனால் அவர் வாயால் அதைச் சொல்லட்டும் என்று எனக்கு வீம்பு. அக்காவுக்கு அதைவிட வீம்பு. அவர் கொடுத்த வாக்கு, அவரே வாயைத் திறக்கட்டும், நான் ஏன் நடுவில் பொல்லாதவளாக வேண்டும் என்று சொல்லிவிட்டாள். அத்தானோ ஹாலை டேப் வைத்து அளந்தார். பின்னறையில் என் பெட்டி ஒன்றைக் கட்டிலுக்கு அடியில் காலால் தள்ளினார். வாசனை அடிக்கிற டப்பா ஒன்றை வாங்கிவந்து சுவரில் மாட்டினார். வந்தா பாத்துக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். புதன்கிழமை இரவு நிம்மதியாகக் குறட்டை விட்டார்.

வியாழக்கிழமை என்னிடம் வண்டி பழக வரவேண்டிய ஆள், முந்தின நாள் ரிவர்ஸில் எங்கள் பள்ளியின் பெயர்ப்பலகையையே இடித்த அதிர்ச்சியில் வரவில்லை. அதனால் மத்தியானம் பனியனோடு பின்னறையில் படுத்திருந்தேன். தூக்கம் கலைந்து பார்த்தால் வாசலில் வார்டன். தோளில் ஒரு பை. வீட்டுக்குள் வந்தவர் யாரையும் வழி கேட்காமல், சமையலறையைத் தாண்டி நேராகத் தன் அறைக்கு வந்திருக்கிறார்.

கொடியில் தொங்கிய என் சட்டைகள், சுவரில் நான் ஒட்டியிருந்த சாலைக் குறியீட்டுப் படம், மேசையில் என் ஷேவிங் சாமான், எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். விடுதியில் சோதனைக்குப் போகும்போது அப்படித்தான் பார்ப்பார் போலிருக்கிறது. எவ்வளவு நாளாக இங்கே இருக்கிறாய் என்று கேட்டார். சொன்னேன். வருஷக் கணக்கைக் கேட்டதும் முகம் மாறிவிட்டது. திரும்பி ஹாலுக்குப் போனார். நான் சட்டையை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

அத்தான் வார்டனின் இரும்புப் பெட்டியை மூச்சு வாங்க மேலே தூக்கிவந்து வைத்துக்கொண்டிருந்தார். வார்டன் முகத்தைப் பார்த்ததும் அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. ஹாலில் ஒரு தடுப்பு வைத்தால் வசதியாக இருக்கும், வெளிச்சமும் நன்றாக வரும் என்று பூசி மெழுக ஆரம்பித்தார். வார்டன் அவரை முழுதாகப் பேச விட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“ஹாஸ்டல்லயே மாடியில ஒரு ரூம் தர்றேன்னாங்க. கடைசி வரைக்கும் இருந்துக்கோங்கன்னாங்க. எனக்கு என் தம்பி வீட்டுல ரூம் இருக்குன்னு சொல்லிட்டு வந்தேன். அந்த ஹாஸ்டல் ரூம இப்ப வேற ஒருத்தங்களுக்குக் குடுத்தாச்சு.”

அதுவரைக்கும் இது எனக்கும் அத்தானுக்கும் நடக்கிற வீம்புப் பந்தயம் என்று நினைத்திருந்தேன். அந்த அம்மாளுக்கு இந்த உலகத்தில் படுக்க வேறு இடம் இல்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை. வெட்கமாக இருந்தது.

“நீ கேக்கும்போது எப்படிக்கா இல்லன்னு சொல்றது?” என்றார் அத்தான். பாவம், உண்மையாகத்தான் சொன்னார். “உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னு.”

“அன்னைக்கே சொல்லியிருந்தா அன்னைக்கு ஒரு நாள் கஷ்டப்பட்டிருப்பேன்டா.”

அத்தான் பால்கனிக்குப் போய் நின்றுகொண்டார். கெர்னல் யாரைக் கொல்வது என்று யோசிக்கிறது என்று நினைத்தேன். எங்கே யோசித்தது. அங்கே காய்ந்துகொண்டிருந்த துணிகளை மடிக்கத் தொடங்கினார். அவர் மடித்து முடிக்கும் வரை காத்திருக்க எனக்கு முடியவில்லை. நான் போகிறேன், பள்ளி மாடியில் அறை இருக்கிறது, இன்றைக்கே போகிறேன் என்றேன். இதில் பெருந்தன்மை ஒன்றும் இல்லை. அந்த வயதில் ஒருத்தர் தோளிலிருந்து பையை இறக்காமல் நிற்பதைக் கண்கொண்டு பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான்.

விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். வார்டன் விடவில்லை. பால்கனி வாசலில் போய் நின்று தம்பியைக் கூப்பிட்டார்.

“இவன் போனா அடுத்து யாரு வந்து நிப்பா? இந்த ரூம இன்னும் யார் யாருக்குச் சொல்லி வெச்சிருக்க?”

அத்தான் மென்று விழுங்கினார். மடித்த துணியையே மறுபடி மடித்தார். கடைசியில் ஒவ்வொரு பெயராக வெளியே வந்தது. மேல் வீட்டுக்காரர், ஆபீஸ் நண்பர், மகள். ஒரே கட்டிலை இரண்டு பெண்களுக்குக் கொடுத்துவிட்டு, நடுராத்திரியில் இருவரும் தலைமயிரைப் பிடித்துக்கொண்டதை வார்டன் தன் வேலையில் பார்த்திருக்கிறாராம். அதற்குப் பிறகு, முன்னால் சொன்னவர்களிடம் இல்லை என்று நேரில் சொல்லி அவர்கள் ஒப்புக்கொள்ளாமல் எந்தக் கட்டிலையும் யாருக்கும் கொடுத்ததில்லையாம். எல்லோருக்கும் இப்போதே போன் போடு, நான் கேட்கவேண்டும், அதன் பிறகுதான் உட்காருவேன் என்றார். அக்கா சமையலறையிலிருந்து ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டாள். வார்டன் அதைத் தொடவில்லை.

அத்தானின் ஐம்பத்துச் சொச்சம் வயதில் அவர் வாயிலிருந்து இல்லை என்ற சொல் வந்து நான் கேட்டதில்லை. முதலில் மேல் வீட்டுக்காரர். மூன்று தடவை இருமிவிட்டு, வெள்ளையடிக்கும்போது சாமான் போட முடியாது, அறை இனி இல்லை என்றார். மேல் வீட்டுக்காரர், வெள்ளையடித்துத்தான் ஆறு மாதம் ஆயிற்றே, சாமான்களை மொட்டை மாடியில் போட்டுச் சமாளித்தோமே என்றார். அடுத்து ஆபீஸ் நண்பர். அவருக்கு எந்த அறை என்றே புரியவில்லை. புரிந்ததும் சிரித்தார். போன மாதம்கூட இந்தப் பக்கம் வந்திருந்தாராம், லாட்ஜில் தங்கினாராம். அத்தானுக்குத் தேள் கொட்டினது போல ஆயிற்று. இல்லை என்று சொன்னால் மனிதர்கள் உடைந்துபோவார்கள் என்று இத்தனை காலம் பயந்தவர். ஒருத்தர்கூட உடையக் காணோம்.

மகளுக்குப் போன் போடும் முன்னால் அத்தான் தண்ணீர் குடித்தார். அவருக்கு இந்த உலகத்திலேயே பிடித்த ஆள் அவள்தான்.

“அம்மாடி, உன் ரூம் இருக்குல்ல, அது இனிமே இல்லம்மா. அத்தைக்குக் குடுத்துட்டேன்.” கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது.

அந்தப் பக்கம் மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசுவது தெரிந்தது.

“அழாதீங்கப்பா. லீவுக்கு வர்றப்பல்லாம் நான் ஹால்லதானே படுத்துக்கறேன். எனக்கு அங்க மாத்தல் ஆயிருக்கு, அடுத்த மாசம் வர்றேன். வீடு கூடப் பாத்துட்டேன்.”

“என்கிட்ட சொல்லவே இல்லையேம்மா.”

“சொன்னா நீங்க ரூம் இருக்குன்னு சொல்வீங்க. நான் அத நம்பலைன்னு தெரிஞ்சா உங்களுக்குக் கஷ்டமா இருக்கும். அதான்.”

மகள் அத்தையிடம் போனைக் கொடுக்கச் சொன்னாள். வார்டன் வாங்கிக்கொண்டு, வா, வந்ததும் பேசலாம் என்று மட்டும் சொல்லி வைத்தார். வைத்த பிறகு அவரும் கொஞ்ச நேரம் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. அக்கா அவர் தோளிலிருந்த பையைத் தானே வாங்கிக் கீழே வைத்தாள். அவர் தடுக்கவில்லை.

நான் பின்னறைக்குப் போய்ச் சட்டைகளைப் பெட்டியில் திணித்துக்கொண்டிருந்தேன். அத்தான் வந்து வாசலில் நின்றார். ஆபீஸில் லிஃப்ட் பேயாட்டம் ஆடியபோதுகூட அவர் அப்படி நின்றிருக்கமாட்டார். உள்ளே வருவதற்கு என்னிடம் அனுமதி கேட்பது போல இருந்தது.

“அது வெறும் பேச்சுன்னு எல்லாருக்கும் தெரியுமா?” என்று கேட்டார். அடுத்த அறையில் கேட்டுவிடாதபடி தணிந்த குரலில் கேட்டார்.

ஏதாவது சுற்றி வளைத்துச் சொல்லலாமா என்று யோசித்தேன். அந்த வீட்டில் ஏற்கெனவே அதெல்லாம் போதுமான அளவுக்குச் சொல்லியாயிற்று.

“தெரியும் அத்தான். உங்க அக்காவத் தவிர எல்லாருக்கும் தெரியும்.”

அவர் குனிந்து பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, நான் மறுபக்கத்தைத் தூக்குவதற்காகக் காத்திருந்தார்.